சின்னவள் எழுதிய பெயர்

ஜனவரி 14
எங்கள் வக்கீல் நிறுவனத்தில் வீட்டுப் பத்திரம் சரிபார்க்கும் என் பிரிவுக்கு இந்த வாரமும் ஒரு கோப்புகூட வரவில்லை. வீடு வாங்க ஆள் இருந்தால்தானே? மாடியில், திவால் வழக்குப் பிரிவில் மூச்சுவிட நேரமில்லை. அதற்குத் தலைமை என் தங்கை. நான் சிபாரிசு செய்து உள்ளே கொண்டுவந்தவள். லிஃப்டில் பார்த்தேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை மும்முரம்போல.

ஜனவரி 20
ஆட்குறைப்பு உண்டாம். முதலாளி வக்கீல் சிரித்தார். "பதினாறு வருஷமா இருக்கம்மா. உன்னைத் தொடுவாங்களா?"

ஜனவரி 23
தொட்டுவிட்டார்கள்.

ஜனவரி 24
பத்தே நிமிடம். கடிதம், கையெழுத்து, அடையாள அட்டையைக் கொடு — முடிந்தது. யார் முடிவு என்று கேட்டேன். முதலாளி மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "மூணு பேர் சேர்ந்து பட்டியல் போட்டாங்க. உன் பேரை எழுதினது... உன் தங்கச்சிதாம்மா."

என்னது? சின்னவளா?

போன் செய்தேன். மறுக்கவில்லை. "உன் பிரிவுல ரெண்டு பேரைத்தான் வச்சுக்கப் போறாங்கக்கா. அந்த ரெண்டு பேர் வீட்லயும் ஒத்தச் சம்பளம். உனக்கு அத்தான் இருக்காரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

பிப்ரவரி 2
கூடப் பிறந்தவளே வயிற்றில் அடித்துவிட்டாள் என்று புலம்பினேன். "அவ சொன்னது பொய்யா?" என்றார் இவர். இப்போது இவரோடும் பேச்சில்லை.

மார்ச் 9
நான்கு நிறுவனங்கள் கைவிரித்துவிட்டன. ஒரு தையல் ஆலையிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்கள் வழக்குப் போட ஆள் தேடி வீட்டுக்கே வந்தார்கள். தொழிலாளர் சட்டமெல்லாம் எனக்கு மறந்தே போச்சு என்றேன். "உங்களுக்கும் வேலை போயிடுச்சாமே? அப்பப் புரியும்" என்றாள் ஒருத்தி. எடுத்துக்கொண்டேன்.

மே 18
ஆலை திவாலாம். நீதிமன்றத்தில் ஆலைக்காக வாதாட எதிர்த்தரப்பு நாற்காலியில் — சின்னவள்! என் ஆவணங்களோ பாதிதான் தயார். இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். நீதிபதி அவளைப் பார்த்தார். அவள் மறுத்திருந்தால் எங்கள் மனு அங்கேயே விழுந்திருக்கும்.

"எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றாள்.

வெளியே தாழ்வாரத்தில் வந்து நின்றாள். "சாப்பிட்டியாக்கா?"

"இல்லடி."

நான்கு மாதமாகப் பேசாதவள் நான். அந்த ‘டி’ எங்கிருந்து வந்தது?