வெயில் ஏறியதும் அக்கா எழுந்தாள்

மே 14, வியாழன்

நீ முதலில் புகையைக் குறை, பிறகு நான் குறைக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே பெரிய நாடுகள் என் அக்காவைக் கொல்லப் பார்க்கின்றன. இந்தப் பருவநிலை மாநாட்டிலும் அதே பேச்சுத்தான் என்று செய்தியில் சொன்னார்கள்.

அக்கா விஸ்வநத்தத்தில் பட்டாசுக்கு மருந்து அடைக்கிறாள். வெயில் ஏறிவிட்டால் மருந்தைத் தொடக் கூடாது, சூட்டில் லேசாக உரசினாலே வெடித்துவிடும். முன்பெல்லாம் மதியம் வரை அடைப்பார்கள். இப்போது காலைச் சாப்பாட்டு நேரத்திலேயே அறை கொதிக்கிறது. இன்று ஆர்டர் பாக்கி என்று ஃபோர்மேன் வேலையை நிறுத்த விடவில்லை. அறையில் நான்கு பெண்கள். அக்கா மட்டும் எழுந்து வெளியே வந்துவிட்டாள். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டான்.

"மத்தவுக ஏன் எந்திரிக்கல?" என்றேன்.

"நீ எந்திரி, நான் எந்திரிக்கேன்னு ஒருத்தி மொகத்த ஒருத்தி பாத்துக்கிட்டு இருந்தாளுக. பாவம்லே, அவளுக வீட்டுலயும் உலை வைக்கணும்ல. மூஞ்சியத் தூக்காம சாப்பிடு" என்று தன் தட்டிலிருந்த முட்டையை எனக்கு வைத்தாள். கழுவியும் அவள் விரல்களில் வெள்ளி மருந்து போகவில்லை.

"அந்த மாநாட்டுக்கு ஒன்னய அனுப்பிருக்கலாம்க்கா."

"அங்கன ஏசி போட்டிருப்பாக. எவன்லே எந்திரிப்பான்?" என்று சிரித்தாள்.

அவள் தூங்கியதும் அவள் ஃபோனில் நம்பர் எடுத்து, அறையிலிருந்த மற்ற மூன்று பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: "நாளைக்குக் காலையில கம்பெனி கேட்டுல எங்க அக்கா கூட நீங்களும் நில்லுங்க. நாலு பேரும் வெளிய நின்னா அவன் யார வச்சு அடைப்பான்?"

மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள். இன்னும் ஒருவரும் பதில் போடவில்லை.