உள்ளே போகாத பெனால்டி

1942 ஜூன், ஞாயிறு இரவு.

இன்று காலைப் பூசை முடிந்து கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலில் வழக்கம்போல எங்கள் கிளப்பின் பழைய இறுதியாட்டத்தைக் கதையிலேயே மறுபடி ஆடினோம். சூசை அடித்த பெனால்டி உள்ளே போயிருந்தால் கோப்பை எங்களுக்கு, சொந்த மைதானமும் எங்களுக்கு. இப்படி ஒவ்வொரு ஞாயிறும் வெல்கிறோம்.

சூசை சிரித்தான். "கோப்பை குடுத்த கம்பனி என்னையெல்லோ சிங்கப்பூர் வேலைக்கு எடுத்திருக்கும்!"

எடுத்தது, அந்தப் பந்தைப் பிடித்த எதிரணி கோல் கீப்பர் மரியானை. சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்த பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அது எங்களில் ஒருவனுக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை.

திரும்பினால், மரியானின் அம்மா மெழுகுதிரியோடு பின்னால் நிற்கிறார். அவர் கோபிக்கவில்லை. சூசையின் கையைப் பிடித்துக் கேட்டார்:

"பந்தைக் கொஞ்சம் ஓரமா அடிச்சிருக்கக் கூடாதா, மகன்?"