சம்பந்தியம்மாளோடு வாய்க்கால் கரையில்

நவம்பர் 11, செவ்வாய்

அனு போன் பண்ணினாள். "அம்மா, ஞாயித்துக்கிழமை எந்த வேலையும் வெச்சுக்காத. காலிங்கராயன் வாய்க்கால் கரையில ஒரு குழு நடக்கப் போறாங்க. உன்ற பேரும் குடுத்துட்டேன்."

ஏன்டி, வயித்துப்புள்ளைக்காரி நீ. டாக்டர் நடக்கச் சொன்னது உன்னையா, என்னையா? கேட்டால் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. ஜெபினைத்தான் கட்டிக்குவேன் என்று சொன்ன அன்றைக்கும் முதலில் இப்படித்தான் சிரித்தாள்.

இவரிடம் சொன்னேன். "போயிட்டு வா மதுமதி. அந்த வாய்க்கால் எழுநூறு வருசமா அங்கதான் இருக்குது. நீதான் இன்னும் போகல."

நவம்பர் 14, வெள்ளி

புது ஷூவை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்தேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "நம்ம பனியன் யூனிட்டுக்குச் சரக்கு வாங்கற பையர் யாராச்சும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்காங்களா?" என்கிறார். நக்கல்.

நவம்பர் 16, ஞாயிறு

பெத்த மகளே இப்படிச் செய்வாளா?

வேனில் ஏறினால் ஜன்னலோரம் அந்தம்மா உட்கார்ந்திருக்குது. ரோஸ்மேரி. மாப்பிள்ளையைப் பெத்தவங்க. தூத்துக்குடிப் பக்கம், இங்கே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். கல்யாண விருந்தில் நம்ம சாப்பாட்டை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "ஆசுபத்திரிச் சாப்பாடு மாதிரில்லா இருக்கு" என்று சொன்ன மகராசி. ரெண்டு வருசமாக ஒருத்தருக்கொருத்தர் பேச்சில்லை. இன்றைக்கு என்னை மேலும் கீழும் பார்த்தது — தையலில் எங்கே பிசிறு என்று தேடுகிற மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து ரெண்டு பேர் போனிலும் அனுவின் மெசேஜ். 'பேசிக்காம திரும்பி வந்தீங்கன்னா எனக்கு வளைகாப்பே வேண்டாம்.' இறங்கிப் போயிருப்பேன். வேன் ஊத்துக்குளியைத் தாண்டியிருந்தது.

பாசூரில் இறங்கி நடந்தோம். இந்தப் பக்கம் வாய்க்கால், அந்தப் பக்கம் மஞ்சளும் வாழையும். கரை நேராகவே போகமாட்டேன் என்கிறது, வளைந்து வளைந்து. கூட்டிக்கொண்டு போன கவின் தம்பி கதை சொன்னார். காலிங்கராயர் சம்பந்தம் பேசப் போன வீட்டில், எந்த அரிசி போடுவது என்று சமையல்காரர் கேட்டாராம். "அவங்க தண்ணியில்லாத காட்டுல நெல்லா வெளையுது? எதைப் போட்டாலும் தெரியாது" என்று பதில் வந்ததாம். அந்த ரோசத்தில் வெட்டியதுதான் இந்த வாய்க்கால் என்று ஊரில் சொல்கிறார்களாம்.

சோத்தைப் பத்தி சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பினால் அந்தம்மாவும் சிரிக்குது. சட்டென்று ரெண்டு பேரும் முகத்தை நேராக்கிக்கொண்டோம்.

கொஞ்ச தூரத்தில் அந்தம்மாவின் ஷூ அடிப்பாகம் பிய்ந்து, நாய் நாக்குப் போலத் தொங்கியது. மகனுடைய பழைய ஷூ. எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். நானும் போயிருக்கலாம். கால் வரவில்லை. என் பையில் எப்போதும் நம்ம யூனிட் டிராக் பேண்ட் நாடா ரெண்டு கிடக்கும். உட்கார்ந்து கட்டிவிட்டேன்.

"நல்லா இறுக்கிக் கெட்டுதீயளே."

"எங்க நாடாங்க. சாயம் போகாது."

இதுதான் எங்கள் முதல் பேச்சு.

அப்புறம் படித்துறையில் முகம் கழுவக் குனிந்தேன். பாசி. அடுத்த நொடி இடுப்பளவுத் தண்ணீரில் நான். இழுக்குது — கத்தக்கூட வாய் வரவில்லை. ரோஸ்மேரி படியில் சப்பென்று உட்கார்ந்து, என் ஜடையைப் பிடித்து — ஆமாம், ஜடையை! — கரைக்கு இழுத்துப் போட்டாள்.

"மெதுவாங்க, வலிக்குது!"

"உசுரு போனா வலிக்காதுல்லா?" என்றாள். குரல்தான் அதட்டல். ரொம்ப நேரம் என் கையை விடவில்லை.

மாத்துத்துணி இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பவே மாட்டாளாம். பையிலிருந்து எடுத்தாள். நைட்டி. பச்சையில் தட்டுத் தட்டாகப் பூ. மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு, மேலே துண்டைப் போட்டுக்கொண்டேன். கவின் தம்பிக்குப் போனில் சொல்லிவிட்டு, ஊஞ்சலூரில் ரயில் ஏறினோம். நெருப்பெரிச்சல் ஊர் மகுடேஸ்வரன் சம்சாரம் நைட்டியோடு பாசஞ்சர் ரயிலில்! சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால்?

பார்த்தார்கள். ஈரோட்டில் ரயில் மாறும்போது எதிரே பொன்னாத்தாள் அக்கா. "ஏனுங் மதுமதி, ஒடம்புக்கு முடியலீங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் ரோஸ்மேரி, "வேண்டுதல்" என்றாள். அக்கா உடனே கையெடுத்துக் கும்பிட்டார்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்தத் தைரியத்தில் கேட்டேன். "ஏனுங்க, அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த மண்டபத்துல எங்க ஆளு ஏழெட்டுப் பேரு. உங்க பக்கம் ஒரு ஊரே நின்னுச்சு. எங்க வீட்டுக்காரரும் உசுரோட இல்ல. எல்லாரும் என்னையவே பாத்தாவ. சிரிக்க வைப்போமேன்னு ஒண்ண சொன்னேன் மைனி. ஒருத்தரும் சிரிக்கல."

மைனி என்கிறாள். அவர்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"காரம் கம்மிதானுங்க," என்றேன்.

"கம்மிதான்."

திருப்பூர் ஸ்டேஷனில் அனு எங்களைப் பார்த்துவிட்டு, சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை மட்டும் என் நைட்டியைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். நல்ல பையன்.

நவம்பர் 17, திங்கள்

கெண்டைக்கால் ரெண்டும் கல்லு. நைட்டியைத் துவைத்துக் காயப்போட்டேன். இவர் கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யூனிட்டுக்குப் போய்விட்டார்.

ஜனவரி 25, ஞாயிறு

வளைகாப்பு. அவர்கள் பக்கம் ஜெபம் பண்ணினார்கள், எங்கள் பக்கம் ஆரத்தி சுற்றினோம். பொன்னாத்தாள் அக்கா, "இதென்னங் புதுசா?" என்று காதைக் கடித்தார். "நல்லதுதானுங்க்கா, ரெண்டு மடங்கு," என்றேன்.

பிரசவம் எங்கே என்று பேச்சு வந்தது. "தாய் வீட்டுலதான். ஆனா நானும் வருவேன்," என்றாள் ரோஸ்மேரி. வாங்கோ என்று சொல்லிவிட்டேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 20, வெள்ளி

பொண்ணு. அனு நல்லா இருக்கிறாள்.

நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "யாருங்க வாங்கறீங்க?" என்றார். "நீங்க வாங்குங்க மைனி." "இல்லீங்க, நீங்க வாங்குங்க." "அட, வாங்குங்கன்னா." நர்ஸ், "யாராச்சும் வாங்குங்கம்மா, உள்ள வேலை கெடக்குது," என்று சத்தம் போட்டார்.

தலைப்பக்கம் நான் ஏந்தினேன், கால்பக்கம் ரோஸ்மேரி. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தோம். இவர் வாங்கி வந்த காப்பி ஆறிப்போச்சு. ரெண்டு பேரில் யாராவது ஒருத்தர் கையை எடுத்தால்தானே குடிக்க.