தபாலில் வைத்தியம்

வில்கா பண்ணை,
6 மார்ச் 1983

அன்புத் தங்கை ஏவிஸுக்கு,

சௌக்கியம்தானே? இங்கே மழை இல்லை, ஈக்கு மட்டும் குறைவில்லை. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஆட்களைத் தேடி உன் அத்தான் க்ளைவ் அலைகிறார். அவர்கள் வந்ததும் பத்துப் பேருக்கு நான்தான் சமைக்க வேண்டும்.

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது, இருமினால் கசிகிறது. வயிறு வேறு ரொட்டி மாவு மாதிரி உப்புகிறது. இங்கே விமானத்தில் வரும் பறக்கும் டாக்டர்தான், அவரிடம் ரேடியோவில்தான் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த வட்டாரப் பண்ணைகள் அத்தனையும் கேட்கும். பக்கத்துப் பண்ணை காரல் போன மாதம் தன் மூல நோயைப் பற்றி அதில் பேசினாள். மறுவாரம் குதிரைப் பந்தயத்தில் ஒருவன், "என்ன காரல், உக்கார தலகாணி போடட்டுமா?" என்றான். எனக்கு அந்தப் பாடு வேண்டாம். நீ இதற்கென்றே படித்தவள், தபால் விமானத்தில் பதில் போடு.

உன் அக்கா,
நோரீன்

அடிலெய்டு,
15 மார்ச்

அன்பு அக்கா,

என்னிடம் என்ன வெட்கம்? ஜெஃப் பிறந்தபோது எனக்குக் கிழிந்து, ஆறு மாதம் துணி வைத்துக்கொண்டு நடந்தேனே. "புள்ள பெத்தா அப்படித்தாம்மா இருக்கும்" என்று டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எலும்பு முறிவு வார்டில் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி வைத்தியம் செய்துகொண்டிருந்த என்னைப் பெண்களுக்கான இந்த வேலைக்குத் தள்ளியது.

என் அறைக்கு வருகிறவள் முதலில் பேசுவாள், நான் கேட்பேன். பிறகு அவள் சம்மதித்தால் சோதிப்பேன். இடுப்பின் அடித் தசை தளர்ந்திருக்கிறதா, இறுகிக் கிடக்கிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும். பார்க்காமல் யாருக்கும் பயிற்சி சொல்வதில்லை. நீ கிளம்பி வா. அதற்குள் மூன்று நாள் எழுதி வை: என்ன குடித்தாய், எத்தனை தடவை போனாய், எவ்வளவு போனாய்.

ஏவிஸ்

வில்கா பண்ணை,
3 ஏப்ரல்

அன்புள்ள ஏவிஸ்,

தாளை இணைத்திருக்கிறேன். ஒரு நாளைக்குப் பதினேழு தடவை. அளந்த குவளை திரும்பச் சமையலறைக்கு வராது, பயப்படாதே.

ஆட்கள் வந்துவிட்டார்கள், நகர முடியாது. அவர்களுக்கு மலைபோல் ஆட்டுக்கறி சுடுகிறேன், எனக்கு அரைத் துண்டிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. பாவாடைக் கொக்கி மாட்டவில்லை. "அம்பது வயசுல அஞ்சாவதா?" என்று க்ளைவுக்குக் கேலி. எனக்காக ஒரு தடவை உன் விதியை மீறினால் என்னடி?

நோரீன்

அடிலெய்டு,
12 ஏப்ரல்

அக்கா,

உன் பிடிவாதம் ஜெயித்தது. நாலு பெற்றவள், முப்பது வருஷம் குதிரை ஏறியவள், தசை தளர்ந்துதான் இருக்கும். மூச்சை அடக்காமல், சிறுநீரை நிறுத்துவது போல் உள்ளே இறுக்கு, எட்டு எண்ணு, முழுதாக விடு. பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். இடையில் என்ன தோன்றினாலும் நிறுத்தாதே. வயிறு உப்புவது இந்த வயதில் எல்லோருக்கும் உள்ளதுதான்.

ஏவிஸ்

வில்கா பண்ணை,
19 ஜூன்

கெட்டிக்காரத் தங்கைக்கு,

கசிவு நின்றுவிட்டது! உன் கைராசி தபாலிலும் வருகிறது.

வயிறு மட்டும் கல் மாதிரி இருக்கிறது. இடப்பக்கம் படுக்க முடியவில்லை. கை மெலிந்து கடிகாரம் கழன்று விழுகிறது. தபால் விமானம் வந்த அன்று காரல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரேடியோல சொல்லிடு நோரீன், நாங்க எல்லாரும் காத மூடிக்கிறோம்" என்றாள். என் தங்கை வைத்தியம் பார்க்கிறாள், இன்னும் மூன்று வாரம் பாக்கி என்றேன்.

நோரீன்

அடிலெய்டு,
27 ஜூன்

அக்கா,

தந்தியும் கொடுத்திருக்கிறேன். இதைப் படித்த கையோடு ரேடியோவை எடு. யார் கேட்டாலும் கேட்கட்டும். வயிறு, பசி, மெலிவு என்று எல்லாவற்றையும் சொல். உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். இதில் பாதியை மார்ச்சிலேயே எழுதியிருக்கிறாய். நான் கசிவை மட்டும் படித்திருக்கிறேன்.

ஏவிஸ்

போர்ட் அகஸ்டா ஆஸ்பத்திரி,
8 ஜூலை

என் கண்ணு ஏவிஸ்,

சினைப்பையில் கட்டியாம். வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், எங்கும் பரவியிருக்கிறது என்று மூடிவிட்டார்கள். க்ளைவ் வராந்தாவில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வலி அதிகம் இல்லை, பயம்தான் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை ரயிலில் நீ வருவதாக அவர் சொன்னார். வா.

ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர் சின்ன வயசு, கோபக்காரர். "மார்ச்லயே தெரிஞ்சிருக்கு, யார்கிட்டயும் சொல்லலையா?" என்றார். தங்கைக்கு எழுதினேன் என்றேன். "அவங்க என்ன வேலை பாக்குறாங்க?" என்று பேனாவை எடுத்தார். "ஸ்கூல்ல பியானோ சொல்லித் தர்றா" என்றேன். அவர் கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு.

உன் அக்கா,
நோரீன்