எட்டுப் படங்களில் அம்மா

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? என் ஓவியக் கண்காட்சி நல்லபடியாக நடந்தது. எட்டுப் படங்களிலும் நீதான். துணி மடிக்கிறாய், பொத்தான் தைக்கிறாய், அடுப்படியில் நிற்கிறாய். ‘ஒரு தாயின் தனிமை’ என்று பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதிவிட்டார்கள்! காட்சிக்கூடத்துக்காரர் இன்னும் நான்கு படம் கேட்கிறார். அந்தக் காலத்தில் உன்னைப் பார்த்துப் போட்டு வைத்த கிறுக்கல்களெல்லாம் தீர்ந்துபோய்விட்டன. கீழ்வீட்டுத் தையல்காரரிடம் சொல்லி, நீ வீட்டு வேலை செய்வதைப் போட்டோ எடுத்து அனுப்பேன். இந்த வருஷமும் வர முடியாது போலிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. படங்கள் அச்சான புத்தகம் தபாலில் வருகிறது.

உன் வாலு

மார்ச் 19

என் வாலுப் பெண்ணே,

புத்தகம் வந்தது. தையல்காரர் வீட்டுக்காரி வாங்கிப்போய்த் தெருவெல்லாம் காட்டிவிட்டாள். மூக்கைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டிருக்கலாம், போகட்டும்.

ஆனால் தனிமை என்று எவன் சொன்னான்? நான் துணி மடிக்கும்போது நீ கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு, “அசையாதேம்மா, இன்னும் ரெண்டே நிமிஷம்!” என்று என் உயிரை வாங்கவில்லையா? எத்தனை நாள் பால் பொங்கி வழிந்தது உன்னால்? அந்த எட்டுப் படத்திலும் எனக்கு எதிரில் நீ உட்கார்ந்திருக்கிறாய். பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாது, உனக்குமா தெரியாது?

போட்டோ எடுக்க இங்கே என்ன வேலை நடக்கிறது? தைக்கப் பொத்தான் இல்லை. மடிக்க என் துணி ரெண்டு. ஒரு நாள் சமைத்து இரண்டு நாள் சாப்பிடுகிறேன். பேச ஆளில்லாமல் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தனிமையை வரைய வேண்டுமென்றால் இப்போது வந்து வரை. ஆனால் நீ வந்தால் அது இருக்காது. ஒரு நடை வந்துவிட்டுப் போயேன், கண்ணு.

உன் அம்மா

ஏப்ரல் 2

அம்மா,

உன் கடிதத்தைக் காட்சிக்கூடத்துக்காரரிடம் படித்துக் காட்டினேன். மனிதர் அசந்துபோய்விட்டார்! பெரிய எழுத்தில் எழுதிப் படங்களுக்கு நடுவே சுவரில் வைக்கலாம் என்கிறார். உனக்கு எப்படி இப்படியெல்லாம் எழுத வருகிறது? சம்மதம் என்று ஒரு வரி போடு, போதும். கையோடு போட்டோவையும் அனுப்பிவிடு.

வாலு

ஏப்ரல் 15

கண்ணு,

சம்மதம். என் எழுத்து கோழி கிறுக்கியது போலிருக்கும், யாரையாவது திருத்தமாக எழுதச் சொல். போட்டோ நான்கு இதோடு வைத்திருக்கிறேன். தையல்காரர் சிரிக்கச் சொன்னார். உனக்குச் சிரிப்பு வேண்டியிருக்காது என்று சும்மா நின்றேன்.

என் கடிதத்தைக் காட்சிக்கூடத்துக்காரரிடம் படித்துக் காட்டியதாக எழுதியிருக்கிறாய். நீ படித்தாயா?

அம்மா