ஆளில்லா வீட்டின் பதிவு

இன்று மத்தியானம் வண்ணார்பேட்டையில் நம் மாடி அறையைத் திறந்தேன். உள்ளே ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் வாசனை. பற்றவைக்கும் கம்பியை நான் சூடாக்கி மாதக்கணக்காகிறது. நீ போன பிறகு அங்கே வேறு யாரும் வந்ததுமில்லை. வாசலிலேயே நின்றுவிட்டேன். கீழே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பட்டப்பகலில் பயப்பட வெட்கமாக இருந்தது, ஆனாலும் பயந்தேன். வேறு யாரிடம் சொல்ல? உனக்கே எழுதுகிறேன்.

கல்லூரி முடிந்ததும் சென்னைக்கு ஓடாமல் ஊர்ப்பக்கமே நாம் இந்த அறையைப் பிடித்தது உன் உம்மாவுக்காகத்தான். வாப்பா காலமாகிவிட்டார், அண்ணன் துபாயில். காயல்பட்டினத்தில் அத்தனை பெரிய வீட்டில் பகல் முழுக்க உம்மா மட்டும். அவர்களுக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும்? நாடி பார்க்கக் கையில் கட்டும் கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். கேமரா என்றால் பேச்சுக்கே இடமில்லை. அப்போதுதான் நீ வைஃபையைப் பிடித்துக்கொண்டாய். வீடு முழுக்க அந்த அலை பரவிக் கிடக்கிறது. மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்கும் சின்ன அசைவுகூட அதை மாற்றும். அந்த மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்தால் மூச்சு ஒரு கோடாகத் திரையில் ஓடும். வீட்டில் மூச்சே இல்லையென்றால் நம் போனில் மணி அடிக்கும்.

சொல்வதற்குச் சுலபம். மின்விசிறி சுற்றினால் கோடு கெட்டது, திரைச்சீலை ஆடினால் கெட்டது. "வேண்டாததைக் கழிச்சுக்கிட்டே வா வே, கடைசில மிஞ்சுறதுதான் ஆளு" என்பாய். அதற்காக ஆளில்லாத வீட்டின் அலையை ஒருமுறை பதிவுசெய்து, பிறகு வரும் அலையிலிருந்து அதைக் கழிப்பது என்று முடிவானது. அந்தப் பதிவை நீதான் எடுத்து வந்தாய். அப்படியும் துல்லியம் வரவில்லை. உம்மாவின் கோட்டோடு எப்போதும் ஒரு சின்ன நடுக்கம் ஒட்டிக்கொண்டே வந்தது. "என்னலே இது, விடாமக் கூடவே வருது?" என்று திரையைத் திட்டுவாய். நான் சிரிப்பேன்.

பிறகு நாங்குநேரிப் பக்கம் நாற்கரச் சாலையில் அந்த லாரி. அதை நான் எழுதப்போவதில்லை.

நீ போனபின் கருவியை உம்மா அணைக்கவில்லை. ஒருநாள் முற்பகல், அவர்கள் ஒரு கல்யாண வீட்டிலிருந்து என்னைப் போனில் கூப்பிட்டார்கள். பேசிக்கொண்டே பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தேன். பூட்டிக் கிடந்த உங்கள் வீட்டில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். நீளமாக இழுத்து, பாதியில் ஒரு சின்னத் தடுக்கல், பிறகு மெதுவாக விடுவது. சோதனை ஒவ்வொன்றுக்கும் உன் மூச்சைத்தானே வைத்துப் பார்த்தோம். உன் கையெழுத்தைப்போல அது எனக்குத் தெரியும்.

மறுநாளே காயல்பட்டினம் போனேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னேன். உம்மா திடுக்கிடவே இல்லை. உன்னைப்போலவே என்னையும் வாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அவன் இங்கன இருந்துதான வாப்பா அந்தப் பதிவை எடுத்தான்?"

"வீடு காலின்னு சொன்னானே உம்மா."

"மக்ரிபு நேரத்துல, வெளக்கு வைக்கிற பொழுதுல, வீட்டை ஆளில்லாமப் போடக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். அதுக்கு அவன், 'நான் அசையாம உக்காந்துக்கிடுதேன், கருவி என்னையும் நாற்காலியோட நாற்காலியா எடுத்துக்கிடும்'னான். நான் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டேன்."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வெறும் வீடு என்று நாம் கழித்துக்கொண்டிருந்தது உன்னோடு இருந்த வீட்டை. அந்தப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் கழிக்கிறது கருவி; இப்போது யாருமில்லாத வீட்டிலிருந்து உன்னைக் கழிக்கப்போய், உன்னையே திரையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. நீ திட்டித் தீர்த்த நடுக்கமும் நீதான். அட படுபாவி!

ஆனால் அதை அப்படியே விட முடியாது. வீட்டில் எப்போதும் ஒரு மூச்சு ஓடிக்கொண்டிருந்தால், உம்மாவின் மூச்சு நிற்கிற அன்றைக்கு மணி அடிக்காது. இதை நான் சொல்வதற்குள் அவர்களே சொன்னார்கள்.

"நான் மவுத்தானா அது அடிக்கணும்லா வாப்பா? திரும்ப எடு."

மாலை அசர் தொழுகை முடிந்ததும் எடுத்தோம். உம்மா கதவைப் பூட்டினார்கள். பூட்டியபின் உள்ளே யாரிடமோ சொல்வதுபோல ஏதோ முணுமுணுத்தார்கள், என்னவென்று நான் கேட்கவில்லை. தெருவில் நின்று புதிய பதிவை முடித்தேன். அந்தக் கொஞ்ச நேரமும், கதவுக்குப் பின்னால் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

மீண்டும் உள்ளே போய்த் திரையைக் காட்டினேன். ஒரே கோடு, நடுக்கமே இல்லாமல். நாம் எதிர்பார்த்துக் கிடந்த துல்லியம்.

"இப்போ நான் மட்டுந்தானா?" என்று கேட்டார்கள்.

"ஆமா உம்மா."

அந்த 'ஆமா'வைப்போல் கனத்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் தலையாட்டிவிட்டு எனக்குத் தேநீர் போடப் போனார்கள்.

பழைய பதிவை நான் அழிக்கவில்லை. என் கணினியில் இருக்கிறது, அவ்வப்போது ஓடவிடுகிறேன்; இன்றும் அந்த வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து ஓடவிட்டேன். பதிவு முடியப்போகிற சமயத்தில் கோடு சட்டென்று படுத்துவிடும். இல்லாத ஆளாக இருக்க நீ மூச்சை அடக்கிப் பார்த்திருக்கிறாய். அந்த இடம் வரும்போதெல்லாம் இந்தமுறை அது எழாமலே போய்விடுமோ என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பிறகு நீ மூச்சு விடுகிறாய், நானும் விடுகிறேன்.