சிவப்பு ரிப்பன் கட்டி வந்த கம்பிகள்

கோகந்த்,
மார்ச் 14

தம்பி ஹம்தமுக்கு அக்கா முஹ்தபர் எழுதுவது.

வழக்கமாக உன் உடம்பு எப்படி இருக்கிறது, தாஷ்கந்தில் குளிர் விட்டதா என்று கேட்டுத்தான் ஆரம்பிப்பேன். இன்று அதற்கு மனம் வரவில்லை. போனில் கூப்பிட்டால் நீ சிரித்துப் பேச்சை மாற்றுவாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன். அதனால்தான் கடிதம்.

மகளிர் தினத்துக்கு நீ கொடுத்தனுப்பிய பரிசு டாக்சிக்காரர் கையில் வந்து சேர்ந்தது. ஒரு கட்டு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, நடுவில் சிவப்பு ரிப்பன், 'அக்காவுக்குப் புதுக் கம்பி' என்று உன் கையெழுத்தில் ஒரு சீட்டு. மற்றப் பெண்களுக்குப் பூவும் சென்ட்டும் வந்த நாளில் எனக்குக் கம்பி வந்ததே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தொழில் தெரிந்த தம்பி என்று கடைத்தெரு முழுக்கக் காட்டினேன். அதை இப்போது நினைத்தால் வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருக்கிறது.

மறுநாள் ரொட்டிக்காரருடைய சைக்கிள் வந்தது. பின்சக்கரத்தில் ஐந்து கம்பி உடைந்திருந்தது. உன் கட்டிலிருந்து ஒன்றை உருவி, தலைப்பக்க வளைவின் உள்பக்கத்திலிருந்து மரை முடியும் நுனி வரை அளந்தேன். 288. எனக்கு வேண்டியது 290 மில்லிமீட்டர். இன்னொன்றை எடுத்தேன். அதுவும் 288. கட்டை அவிழ்த்து முப்பது கம்பி அளந்தேன், எல்லாம் ஒரே அளவு. மண்ணெண்ணெய்த் துணியால் ஒன்றைத் துடைத்தேன். வெள்ளிப் பெயிண்ட் துணியோடு வந்துவிட்டது. அடியில், கம்பியை ரிம்மோடு பிடிக்கிற நிப்பிள் திருகிய பழைய கீறல்.

எங்கள் சந்தையில் 290 உண்டு, 286 உண்டு. 288 கிடையாது. அதை வெட்டியவள் நான் ஒருத்திதான் என்பது உனக்கும் தெரியும்.

போன இலையுதிர் காலத்தில் கராபுலாக் மலைப்பக்கத்து நர்சுகளுக்கென்று நம் மகல்லாக் குடியிருப்பில் பன்னிரண்டு பழைய சைக்கிள் சேர்த்தார்களே, அவற்றின் சக்கரங்கள் முழுவதையும் நான்தான் புதிதாகக் கட்டினேன். நீளக் கம்பியாக வாங்கி நானே வெட்டி மரை போட்டேன். அவசரத்தில் வளைவின் வெளிப்பக்கத்திலிருந்து அளந்துவிட்டேன். கம்பியின் கனம் இரண்டு மில்லிமீட்டர், அவ்வளவும் குட்டையாகிப்போனது. கடைசிச் சக்கரம் முடிந்த அன்றுதான் கண்ணில் பட்டது. கம்பி நுனி நிப்பிளின் தலை வரை எட்டவே இல்லை. எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறேன் என்று லாரியோடு வந்து நின்ற உன்னிடம் மட்டும் சொன்னேன். நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"ரெண்டு மில்லிமீட்டர்தானக்கா. மலைமேல இருக்கற நர்சு ஸ்கேலா வச்சுப் பாக்கப் போறா? ஏத்தி விடு."

நானும் ஏற்றிவிட்டேன். அது என் அசிங்கம், அதை உன் தலையில் போட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கராபுலாக் போனேன். பஸ் நிறுத்தத்திலேயே ஸும்ரத் என்ற நர்சைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு முழுக்கச் சேறு, தோளில் தடுப்பூசிப் பெட்டி. ஒரு நாளைக்கு நாலு ஊர் நடக்கிறாளாம். சைக்கிள் எங்கே என்று கேட்டேன். நான் யார் என்று சொன்னதும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"சக்கரத்துல கம்பி நீளம் பத்தலைன்னு உங்க தம்பிதான் சொன்னாரு. எங்கக்காவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, இதுல ஏறுனா உசுருக்கு ஆபத்துன்னாரு. போட்டோ எடுத்தாரு, திரும்ப ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. விடுங்கக்கா, நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? எங்களுக்கு நடந்து பழக்கம்."

சேற்றில் நடக்கிறவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள், ஹம்தம். வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்பு போட்டுக் கை கழுவினேன். அந்தக் கம்பிகளைத் தொட்ட கை என்று இன்னும் கூசுகிறது.

நீ திருடியதுகூட எனக்குப் பெரிதில்லை. நான் நம்பி உன்னிடம் சொன்ன தவறையே எடுத்து, அதை வைத்துத் திருடினாய் பார், அதுதான் ஆறவில்லை. சட்டம், ரிம், ஹப் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி விற்றிருப்பாய். குட்டைக் கம்பியை எவனும் தொட்டிருக்க மாட்டான். தூக்கிப்போட மனமில்லாமல் பெயிண்ட் அடித்து, ரிப்பன் கட்டி, எனக்கே அனுப்பியிருக்கிறாய். எப்படியடா மனம் வந்தது? ரிப்பனுக்கு முடிச்சுப் போடும்போதாவது என் முகம் ஞாபகம் வரவில்லையா?

நேற்று மகல்லாத் தலைவர் எர்காஷ் அண்ணன் வந்தார். நவ்ரூஸ் புத்தாண்டு விருந்தில் உனக்கு மரியாதையாகச் சப்பான் அங்கி போர்த்தப் போகிறார்களாம். நர்சுகளுக்குச் சைக்கிள் கொண்டுபோய்ச் சேர்த்த நல்ல மனசுக்காரன் என்று உன் போட்டோவைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அடுத்து ஆசிரியைகளுக்கு முப்பது சைக்கிள், அதையும் உன்னிடம்தான் ஒப்படைக்கப் போகிறார்களாம். அங்கியை என் கையால் போர்த்த வேண்டும் என்று கேட்டார். தேநீரை ஊற்றிக்கொடுத்துவிட்டு உள்ளே எழுந்து போனேன். கூச்சக்காரி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனார்.

குட்டைக் கம்பியை நீட்ட முடியாது, இன்னும் வெட்டலாம். நீ அனுப்பிய நூற்றைம்பதையும் சின்னச் சக்கரத்துக்கு அளவெடுத்து வெட்டி மறுபடி மரை போட்டேன். கடையில் கிடந்த இரண்டு சின்னச் சைக்கிளுக்குச் சக்கரம் கட்டிக் கோட்டமும் எடுத்தாகிவிட்டது. நவ்ரூஸ் அன்று காலை ஏழு மணி பஸ்ஸில் கராபுலாக் கொண்டுபோகிறேன். நீயும் வர வேண்டும். என் அளவு தப்பியதை நான் சொல்கிறேன், நீ செய்ததை நீ சொல். திரும்பி வந்ததும் எர்காஷ் அண்ணனிடமும் உன் வாயாலேயே சொல்லிவிடு. மீதிப் பத்துக்கு என்ன வழி என்று பிறகு உட்கார்ந்து பேசலாம்.

நீ வராவிட்டால் நான் மத்தியானம் விருந்துக்குத் திரும்பிவிடுவேன். அங்கியைத் தொடமாட்டேன். அந்தச் சிவப்பு ரிப்பனை எல்லார் முன்னாலும் உன் கழுத்தில் கட்டி, எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவேன். என்னைத் தெரியும் உனக்கு.

ஒரு சக்கரத்தில் ஒரே ஒரு கம்பியை மாட்டாமல் விட்டு வைத்திருக்கிறேன். அதை நீ வந்து அளந்து மாட்டு. வளைவின் உள்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும், மறந்துவிடாதே.

நீண்ட ஆயுசோடு இரு என்று எழுதத்தான் கை போகிறது. அதற்கு முன்னால் இறைவன் உனக்குக் கொஞ்சம் வெட்கத்தைக் கொடுக்கட்டும். மலையில் காற்று இன்னும் குத்துகிறது. காது மூடும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வா.

உன் அக்கா,
முஹ்தபர்